புதுமை நாடகமும் பொருள்வளமும்

நாடகக் கலையைப் பற்றி எழுதுவோர் அதன் சுவையையும் மெய்ப்பாட்டையும் உரையாடற் சிறப்பையும் விரித்துரைப்பர். அஃது அரங்கேறுதற்கு ஆகுஞ் செலவைப் பற்றி வாய்திறவார். பொருளைப் பற்றிப் பேசுதல் கலைக்கு இழுக்கென்று கருதுவாருமுளர். தாளும் எழுதுகோலும் உடையான் தனித்திருந்து ஒரு கவிதையை ஆக்கிவிடலாம். நாடகமோ பலர் கூடிப் பலநாள் உழைத்து, ஓரிடத்தில், ஒரு பொழுதில், பிறர் முன்னிலையில் நிகழ்த்தினாலன்றிப் பிறவாது. ஆகவே நாடகத்தை ஆராயப் புகுவோன் அதன் அடுப்பங்கரையையும் ஒருமுறை எட்டிப்பார்த்தல் வேண்டும்.

வன்னிப் பெருநிலமாகிய கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிற் புதுமை நாடகம் ஏன் நிலைத்து வேரூன்றவில்லை என்று வினவுவோமாயின், இருவகை விடை கிடைக்கும். பணமில்லை என்பர் ஒரு சாரார். பணம் எதற்கு, வெறுந்தரையும் நடிகனும் போதுமே என்பர் மற்றொரு சாரார். இவ்விரு கூற்றும் ஒருபுடை உண்மையேயன்றி முழுவுண்மையாகா. புதுமை நாடகத்துக்குப் பொருள் வேண்டும். ஆனால் நாம் வழக்கமாகச் செலவிடும் வழியில் அன்று. நாம் வழக்கமாகப் பெறும் கையிலிருந்தும் அன்று. இதனை நிறுவுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புதுமை நாடகம் என்று ஈண்டுக் குறிப்பது, பார்ப்போர் ஏற்பாரோ ஏலாரோ என்று அறியாத நிலையில், புதியதொரு வடிவத்தை ஆராய்ந்து பார்க்கும் நாடகத்தையாம். பரிசோதனை நாடகம் என்றும் இதனைக் கூறுப. வணிகர் வழக்கிற் சொல்லின், விலைபோகுமோ என்று தெரியாத பண்டம் இது. இப்பண்டத்துக்கு முதலிடுவோர் யாவர் என்பதே வினா.

முதற்கண் நம் பழைய சான்றுகளை நோக்குவாம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை தமிழரின் அரங்கக் கணக்கேடு என்று சொல்லத்தகும். அரங்கின் அகலம் 7 கோல், நீளம் 8 கோல், உயரம் 1 கோல் என அளவுகூறி, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூவகைத் திரைகளையும் இளங்கோவடிகள் குறிப்பிடுகின்றார். அரங்கேற்றத்தின் முடிவில் மாதவி தலைக்கோற் பட்டமும் 1008 கழஞ்சு பொன்னும் பெறுகின்றாள். இதனை எடுத்துக்காட்டி, அக்காலத்து மன்னர் கலையைப் போற்றினர் என்று மேடைதோறும் முழங்குவதை நாம் கேட்டிருக்கின்றோம். ஆனால் காதையைக் கூர்ந்து பயில்வார்க்கு வேறொரு செய்தி புலனாகும். மாதவி ஐந்தாம் வயதிலே தொடங்கி 7 ஆண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் அரங்கேறினாள். ஆடலாசான், இசையாசிரியன், புலவன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவர் அவளுக்குத் துணைநின்றனர். மன்னனின் பொன் வந்தது ஆட்டம் முடிந்த பின்னர். அறுவர் ஆசிரியரையும் ஒரு சிறுமியையும் ஏழாண்டு தாங்கிய செலவைக் காவியம் விரித்துக் கூறவில்லை. கலையின் உண்மையான செலவு மேடையில் அன்று, மேடைக்கு முன்னுள்ள ஆண்டுகளிலேயே கிடக்கின்றது. பரிசு கொடுப்போர் பலர். பயிற்சியைத் தாங்குவோர் சிலர்.

இனி, பிற்காலச் சான்று ஒன்று. தஞ்சைப் பெருங்கோயிலில் இராசராசேச்சுவர நாடகத்தை ஆண்டுதோறும் நடித்தற்பொருட்டுச் சாந்திக்கூத்தன் ஒருவனுக்கு ஆண்டொன்றுக்கு 120 கலம் நெல் வழங்க ஏற்பாடு செய்ததை இரண்டாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு உரைக்கின்றது. இஃது ஒருமுறைப் பரிசன்று, நிலையான ஊதியம். கூத்தனின் அடுப்பு எரிந்தது. நாடகமும் ஆண்டுதோறும் நடந்தது. எனினும் ஒன்றை மறத்தலாகாது. நெல் அளக்கப்பட்டது அந்த ஒரு நாடகத்துக்கே. அதனை மாற்றவோ புதியதொன்றை ஆடிப்பார்க்கவோ அம்மானியம் இடந்தந்ததாகக் கல்வெட்டிற் குறிப்பில்லை. நிலைத்த கொடை மரபைக் காக்கும். புதுமையை ஈன்றெடுக்கும் என்று உறுதி கூறுதற்கில்லை. இவ்விரண்டு சான்றுகளையும் மனத்திற்கொண்டு நம் மண்ணுக்கு வருவோம்.

வன்னியின் பேரரங்கு கூத்து. முல்லைத்தீவுப் பகுதியிற் கோவலன் கூத்து முல்லைமோடி எனத் தனிப்பெயர் பெறுமளவுக்குச் செழித்தது. வற்றாப்பளைக் கண்ணகையம்மன் வழிபாட்டோடு ஒட்டி வளர்ந்த இப்பகுதி மக்களுக்குக் கோவலன் கதை வெறுங் கதையன்று. மாதவியின் மாலையை வாங்கப் பொருளைக் கொட்டி, இறுதியிற் காற்சிலம்பொன்றே முதலாக மதுரைக்கு நடந்த வணிகனின் கதையை, கைப்பொருள் குறைந்த உழவர் தம் வயல் வேலை ஓய்ந்த காலத்தில் விடியவிடிய ஆடினர். காத்தவராயன் கூத்தும் அவ்வாறே வன்னியூர்களிற் பரவிநின்றது.

இக்கூத்துக்களைப் பற்றி, செலவின்றி நடந்த கலை என்று கூறுவது இக்கால வழக்கு. அது பிழை. செலவு இருந்தது; பணமாக அன்று. காலபோக அறுவடை முடிந்து நெல் வீட்டுக்கு வந்தபின் கிடைக்கும் ஓய்வு நாள்களே கூத்தின் முதல் மூலதனம். ஏட்டைக் காத்துப் பாட்டையும் ஆட்டத்தையும் பழக்கும் அண்ணாவியார்க்கு ஊரார் உணவளித்துச் சிறப்புச் செய்தனர். தடியும் கிடுகும் காட்டிலும் தோட்டத்திலும் கிடைத்தன. சேலையும் நகையும் வீடுகளிலிருந்து இரவலாக வந்தன. நேர்த்திக்கடனாக வேடம் புனைந்தவன் கூலி கேட்டானல்லன். தெய்வத்துக்குத் தான் கொடுக்கவேண்டிய கடனையே அவன் ஆடித்தீர்த்தான். இவற்றுக்கெல்லாம் இன்றைய சந்தை விலை போட்டுப் பார்ப்போமாயின், ஓர் ஊர் ஒரு கூத்துக்குக் கொடுத்த செல்வம் எவ்வளவு பெரிதென்பது விளங்கும். அச்செல்வம் பல கைகளிலிருந்து சிறுகச்சிறுக வந்தமையால் எவரும் அதனைச் செலவென்று உணரவில்லை. எவரும் அதன் உரிமையாளராகவும் நிற்கவில்லை. கூத்தின் முடிவை மாற்றென்று ஆணையிடத் தனியொரு முதலாளி அங்கில்லை. இதுவே இவ்வேற்பாட்டின் சிறப்பு. ஆயினும் ஊர் முழுவதும் உரிமையாளராயிருந்தமையால், ஊர் விரும்பாத புதுமைக்கும் அங்கு இடமில்லாதிருந்தது. சாதிக்குரிய வரம்புகளும் பெண்கள் ஆடலாகாதென்ற கட்டும் கூத்தோடு கூடவே காக்கப்பட்டன.

ஆகவே மரபுக்குள் புதுமை புக வேண்டுமாயின் ஊருக்கு வெளியேயுள்ள ஓர் இடம் தேவைப்பட்டது. ஈழத்தில் அவ்விடத்தை முதலில் அளித்தது பல்கலைக்கழகமாகும். சிங்கள அரங்கில் 1956ஆம் ஆண்டு நவம்பரிற் கொழும்பில் மேடையேறிய எதிரிவீர சரச்சந்திரவின் ‘மனமே’ ஒரு திருப்புமுனை என்பதை யாவரும் அறிவர். அதன் மேடை எளிமையானது. காட்சித் திரைகளின் ஆரவாரமில்லை. இதனைக் கண்டு, எளிமையினாலேயே அந்நாடகம் வென்றது என்பர். ஆனால் அவ்வெளிமையின் பின்னால் இருந்த வளத்தை எண்ணுக. சரச்சந்திர றொக்பெல்லர் நிறுவனத்தின் உதவிபெற்றுக் கீழைநாடுகளுக்குச் சென்று யப்பானிய அரங்கையும் கண்டறிந்து வந்தவர். பல்கலைக்கழகம் அவர்க்கு ஊதியமும் இடமும் மாணவ நடிகரும் தந்தது. நாடகம எனப்படும் பழைய வடிவத்தை அறிந்த சாள்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே தம் வாழ்நாட் பயிற்சியைக் கொண்டுவந்து தந்தார். வெற்று மேடையைக் கண்டோர் செலவின்மையைக் கண்டனர். அம்மேடைக்கு வந்துசேர்ந்த பயணத்தையும் கல்வியையும் கண்டிலர்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் தமிழ்க் கூத்துக்குச் செய்த பணியும் இத்தகையதே. பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு ‘கர்ணன் போர்’ (1962), ‘நொண்டி நாடகம்’ (1963) ஆகியவற்றையும், தொடர்ந்து ‘இராவணேசன்’, ‘வாலிவதை’ என்பவற்றையும் அவர் மேடையேற்றினார். இரவு முழுவதும் ஆடும் மட்டக்களப்புக் கூத்து, சில மணி நேரத்துக்குள் அடங்கும் மேடை நாடகமாயிற்று. அதற்கு வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் புலமை ஒரு முதல். மாணவரின் ஓய்வுநேரம் மற்றொரு முதல். பல்கலைக்கழகமும் கலைக்கழகமும் அளித்த மதிப்பு மூன்றாவது முதல். அம்மாணவருள் ஒருவராயிருந்த சி. மௌனகுரு பின்னர்ச் ‘சங்காரம்’ நாடகத்தில் அதே வடமோடி ஆட்டத்தைக் கொண்டு உழைப்பாளர் எழுச்சியைப் பாடுபொருளாக்கினார். 1960களின் இறுதியில் என். கே. ரகுநாதன் எழுதிய ‘கந்தன் கருணை’யை அம்பலத்தாடிகள் காத்தவராயன் பாணியில் ஆடி, ஆலயப் பிரவேசப் போராட்டத்தை அரங்குக்குக் கொணர்ந்தனர். கூத்துக்குள் அடங்காதென்று கருதப்பட்ட பொருள் கூத்துக்குள்ளேயே நுழைந்தது. ஊர்க் களரி தராத உரிமையை வேறொரு மூலவளம் தந்தமையால் விளைந்த பயன் இது.

யாழ்ப்பாணத்தில் 1978ஆம் ஆண்டு குழந்தை ம. சண்முகலிங்கம் நிறுவிய நாடக அரங்கக் கல்லூரி, பயிற்சியே முதல் என்னும் கொள்கையை நடைமுறைப்படுத்தியது. நாடகமொன்றைப் போடுவதற்காகக் கூடுதல் என்பது போய், நாடகத்தைக் கற்பதற்காகக் கூடுதல் என்பது வந்தது. இவ்வித்திலிருந்து விளைந்தவற்றுள் தலையாயது 1985இல் க. சிதம்பரநாதன் நெறியாள்கையில் மேடையேறிய சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’. அந்நாடகத்தில் விலையுயர்ந்த காட்சியமைப்பு எதுவுமில்லை. நடிகரின் உடலும் குரலுமே காட்சிகளை ஆக்கின. ஆதலின் மண்டபத்தினின்று ஊர்களுக்கு அதனை எடுத்துச்செல்லல் எளிதாயிற்று. ஈண்டும் எளிமை வறுமையினால் வந்ததன்று. பல்லாண்டுப் பயிற்சியினால் வந்தது.

உலக அரங்கிலும் இவ்வுண்மை காணப்படும். போலந்து நாட்டைச் சேர்ந்த ஜெர்சி குரோட்டோவ்ஸ்கியின் ‘எளிய அரங்கு’ என்னும் கொள்கையை எடுத்தாளாதார் இன்று இலர். ஒப்பனை, ஒளி, உடை, காட்சி யாவற்றையும் நீக்கிவிட்டாலும் நாடகம் எஞ்சும். நடிகனையும் பார்ப்போனையும் நீக்கின் எஞ்சாது என்பது அவர் துணிபு. இதனைப் படித்துவிட்டுப் பணமே வேண்டாமென்போர், அவரது அரங்கு 1959இல் ஒபோலே என்னும் சிறு நகரிற் பொதுப்பணத்தின் துணையோடு தொடங்கியதென்பதை மறந்துவிடுகின்றனர். மிகச் சிலரே பார்க்கும் நாடகத்துக்காக நடிகர் பல திங்கள் பயின்றனர். நுழைவுச்சீட்டுப் பணத்தை நம்பியிருப்பின் அவ்வரங்கு முதலாண்டிலேயே மூடப்பட்டிருக்கும். பொருள்களில் எளிமை, காலத்திற் செழுமை. இதுவே அவ்வரங்கின் பொருளியல்.

வங்காளத்துப் பாதல் சர்க்கார் மற்றொரு வழியைக் காட்டினார். நகரமைப்புப் பொறியியலாளராகத் தொழில் புரிந்த அவர், 1967இல் ‘சதாப்தி’ குழுவைத் தொடங்கி, பின்னர் மேடையையும் மண்டபத்தையும் துறந்து மூன்றாம் அரங்கு என்னும் நெறியை வகுத்தார். எளிதில் இடம்பெயரத்தக்கது, எவ்விடத்துக்கும் பொருந்துவது, செலவு குறைந்தது என்பன அதன் இலக்கணம். பார்ப்போர் விரும்பிக் கொடுத்ததைப் பெற்றுக் கல்கத்தாவின் பூங்காக்களில் அக்குழுவினர் நடித்தனர். பிறர் பணத்தை நாடாமையால் எவருக்கும் அஞ்சாது பேச அவர்களால் முடிந்தது. ஆனால் நடிகர் பகலில் வேறு தொழில் செய்து மாலையில் வந்தனர் என்பதையும் உடன்வைத்து எண்ணவேண்டும். பணத்தைச் செலவிடாத இடத்தில் அவர்கள் தம் வாழ்நாளைச் செலவிட்டனர். தமிழகத்தில் 1977இல் ந. முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையோ, பிற்பாடு போர்ட் நிறுவனத்தின் நிதியைப் பெற்று முழுநேர நடிகரை வைத்துப் பயிற்றியது. அதனால் நடிப்புத்திறன் உயர்ந்ததென்பதில் ஐயமில்லை. வெளிநாட்டு நிதியை நம்பிய கலை யாருக்குக் கடமைப்பட்டது என்ற வினாவும் அந்நாள் தொட்டு எழுந்துகொண்டே இருக்கின்றது. இரு வழியிலும் நன்மையுண்டு. இரு வழியிலும் கொடுக்கவேண்டிய விலையுமுண்டு.

இனி வன்னியின் அண்மைக் காலத்தை நோக்குவோம். 1990 முதல் 2002 வரை இப்பெருநிலம் பொருளாதாரத் தடைக்குள் அகப்பட்டிருந்தது. எரிபொருளும் மின்கலமும் அரும்பொருளாயின. மின்விளக்கு என்பது நினைவாயிற்று. 1995இன் இறுதியில் யாழ்ப்பாணத்தினின்று பெயர்ந்த மக்களோடு கலைஞர் பலரும் வன்னிக்கு வந்தனர். மரநிழலிலும் சந்திகளிலும் தெருவெளி நாடகங்கள் நடந்தன. வளமே இல்லாத நிலையில் அரங்கு மடியவில்லை என்பதற்கு அக்காலம் சான்று. ஆனால் புரவலர் ஒருவராயிருக்கும்போது முடிவுரையும் ஒன்றாகவே இருக்கும் என்பதற்கும் அதுவே சான்றாகும். நாடகம் எவ்விடத்தில் தொடங்கினும் சென்றுசேரவேண்டிய இடம் முன்னரே வகுக்கப்பட்டிருந்தது.

2009ஆம் ஆண்டு மே திங்களிற் போர் முடிந்தது. ஊர்களும் ஏடுகளும் உயிர்களும் அழிந்த நிலத்தில் தொண்டு நிறுவனங்கள் பல வந்தன. கண்ணிவெடி, சுகாதாரம், சிறுவர் உரிமை, மதுவொழிப்பு ஆகிய பொருள்களிலே விழிப்புணர்வு நாடகங்களை அவை வேண்டின. இளைஞர்க்குச் சிறிது ஊதியமும் கிடைத்தது. இந்நாடகங்களாற் பயனில்லை என்று கூறுவது நன்றியின்மையாகும். ஆயினும் கலை நோக்கில் ஆராய்வோமாயின், போர்க்காலத்து அரங்கின் அதே இலக்கணம் ஈண்டும் நிலைத்திருத்தலைக் காணலாம். தலைப்பைக் கொடுப்பவர் வேறொருவர். முடிவைக் கொடுப்பவரும் அவரே. இடையிலுள்ள அரைமணி நேரமே நடிகருக்குரியது. துயரத்தில் ஆழ்ந்த தாயொருத்தி மேடைக்கு வந்தால், இறுதிக் காட்சியில் அவள் ஆறுதல் பெற்றே தீரவேண்டும். ஆறுதல் பெறாத தாய்க்கு நிதியில்லை. திட்டம் முடிந்தவுடன் குழுவும் கலைந்துவிடும். அடுத்த திட்டத்துக்குப் புதியவர் வருவர். பயிற்சி மறுபடியும் அரிச்சுவடியிலிருந்து தொடங்கும். 1008 கழஞ்சு இருக்கின்றது, ஏழாண்டு இல்லை.

பாடசாலை நாடகத்தின் நிலையும் சிந்திக்கத்தக்கது. நாடகமும் அரங்கியலும் ஒரு பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. தமிழ்த்தினப் போட்டியில் ஆண்டுதோறும் நாடகங்கள் போட்டியிடுகின்றன. இருபது ஆண்டுக்கு மேலாக ஆசிரியப்பணி புரிந்து யான் கண்டவரையில், சேர்க்கப்படும் சிறுதொகையிற் பெரும்பகுதி வாடகை உடைக்கும் ஒப்பனைக்கும் வாகனத்துக்குமே செல்கின்றது. ஒத்திகைக்கு ஒதுக்கப்படுவது பரீட்சைக்கும் விளையாட்டுப்போட்டிக்கும் இடையே எஞ்சிய சில மாலைகள். தூரத்து ஊர்ப் பிள்ளை ஒத்திகை முடிந்து வீடு திரும்பப் பேருந்து இல்லாமையால் நாடகத்தைவிட்டு விலகுதல் வன்னியிற் காணாத நிகழ்ச்சியன்று. வாடகை அரசவுடைக்குக் கொடுத்த பணத்தில் ஒரு திங்கட்குரிய பேருந்துக் கட்டணமும் மாலைச் சிற்றுண்டியும் அடங்கியிருக்கும். அப்பிள்ளை நின்றிருப்பின், மினுங்கும் உடையின்றியும் நாடகம் சிறந்திருக்கும். பணமின்மையைவிடப் பணம் செல்லும் திசையே நம் குறை என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

மேலும், நம் ஊர்களிற் பொருளே இல்லையென்று கூறுதலும் பொருந்தாது. புலம்பெயர்ந்தோர் அனுப்பும் பணத்தால் இராசகோபுரங்கள் எழுகின்றன. திருவிழாக்களுக்கு வெளியூர் இசைக்குழுக்கள் அழைக்கப்படுகின்றன. கோபுரம் வேண்டாமென்பது நம் கருத்தன்று. கூத்தும் அதே கோயில் முற்றத்தில் வளர்ந்த பிள்ளைதான். அதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதே நம் வழக்கு.

இவ்விடத்தே ஒரு தடை எழலாம். வீடும் கிணறும் தொழிலும் இன்னும் நிறைவாகக் கிடையாத மக்களிடம் நாடகத்துக்குப் பொருள் கேட்டல் முறையோ என்பர். நேர்மையான வினா இது. நாடகம் சோற்றுக்கு முற்பட்டதென்று நாம் கூறவில்லை. ஆயின், பேரிழப்புக்கு உள்ளான மக்கள் தம் அனுபவத்தைத் தாமே சொல்லும் வழியொன்று இல்லாதுபோயின், பிறர் அதனைத் தமக்கு வேண்டியவாறு சொல்லிவிடுவர். ஏற்கெனவே சொல்லியும் வருகின்றனர். எவர் கொடுத்த தலைப்புக்கும் அடங்காத ஒரு நாடகம் இம்மண்ணிலிருந்து எழவேண்டுமென்றால், அதற்குரிய முதலும் எவர் ஆணைக்கும் அடங்காததாக இருத்தல் இன்றியமையாதது.

அத்தகைய முதலைத் திரட்டும் வழி நம் முன்னோரின் கூத்திலேயே இருக்கின்றது. ஒரு பெருங்கொடையாளரைத் தேடாது, பல சிறு கைகளைத் தேடவேண்டும். கல்லூரிகள் தம் மண்டபத்தை ஆண்டுக்கு ஒரு திங்களேனும் மாலைவேளையில் வாடகையின்றித் திறந்துவைக்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் பரிசுக் கேடயத்துக்குச் செலவிடுவதில் ஒரு பகுதியை ஒத்திகைக் காலத்துப் போக்குவரத்துக்கு ஒதுக்கலாம். கூத்தறிந்த முதியோர் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே, அவர்களை விழாமேடையில் பொன்னாடை போர்த்தி அனுப்பிவிடாது, பயிற்றுவோராக அமர்த்தி மதிப்பூதியம் கொடுக்கலாம். அறுவடைக்குப் பின் ஊரார் கொடுக்கும் நெல் மூடையும் இதில் ஒரு பங்காகலாம். கொடுப்போர்க்கு ஒரு நிபந்தனை மட்டும் உண்டு: நாடகம் முடிந்தபின் அதனைக் கடிந்து பேசும் உரிமை அவர்க்கு உண்டு, தொடங்குமுன் அதன் முடிவை எழுதும் உரிமை இல்லை. அவ்வாறு செய்த நாடகம் தோல்வியுறினும் அடுத்த ஆண்டும் கொடுத்தல் வேண்டும். தோல்விக்கு இடமில்லாத இடத்தில் பரிசோதனை என்ற சொல்லுக்குப் பொருளில்லை.

சுருங்கக்கூறின், புதுமை நாடகத்துக்கு வேண்டும் பொருள் பொன்னும் பட்டுமன்று; பயில்வதற்குக் காலம், கூடுவதற்கு இடம், கற்பிப்பதற்கு ஆசான், தவறிப்பார்ப்பதற்கு உரிமை என்னும் நான்குமேயாம். இவை பணத்தால் வாங்கத்தக்கன. ஆனால் பணம் கொடுப்போன் இவற்றைத் தனக்கென வைத்துக்கொள்ளாதபோதே வாங்கத்தக்கன. காலபோகம் வெட்டி ஓய்ந்த வயல்களையும், மாலையில் பூட்டிக்கிடக்கும் மண்டபங்களையும், கேட்பாரின்றி இருக்கும் அண்ணாவிமாரையும் வன்னி இன்றும் உடையது. அவற்றை ஒன்றுசேர்க்கும் பணியை ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவரும் மேற்கொள்ளுதல் கடனாகும்.